பேர்ல் 6-க்கு எப்படி மேம்படுத்துவது? 5.34-இலேயே நிற்கிறது

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவன். வெண்பாக்களில் எதுகை கண்டுபிடிக்கும் சிறு நிரல் ஒன்றை ப்ராஜெக்டாக எழுதுகிறேன். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தானில் தொடங்கினேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. இரண்டாம் எழுத்தைக் கேட்டால் 'மி' வராமல் 'ம' மட்டும் வருகிறது. கொக்கியைத் தனி எழுத்தாக எண்ணுகிறது, புள்ளியையும் அப்படியே.

சீனியர் அக்கா ஒருவர், "பேர்ல் என்ற நிரல்மொழி இருக்கிறது, பேர்ல் 6-இல் இது 3 என்றே வரும், தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி ஒரு பழைய பாடக்குறிப்பை அனுப்பினார். அதிலிருந்த நிரலை அப்படியே ஓட்டினேன். பேர்ல் 6.0.0 தேவை, இது 5.34.0 மட்டுமே, நிறுத்தப்பட்டது என்று பிழைச்செய்தி வந்தது.

சரி, பழைய பதிப்பு இருக்கிறது, புதுப்பித்தால் போதும் என்று நினைத்தேன். உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் மூலநிரலையே இறக்கி கம்பைல் செய்து 5.40 வரை வந்துவிட்டேன். அதிலும் அதே செய்திதான், எண் மட்டும் மாறியிருக்கிறது. 6 எங்கே கிடைக்கும்? அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கிறது, தயவுசெய்து உதவுங்கள்.

#2 வரிசைமுறை

தம்பி, 5.40-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், அது எவ்வளவு உயர்ந்தாலும் 6 ஆகாது. நீங்கள் தேடுவது பேர்லின் அடுத்த பதிப்பே இல்லை, வேறொரு மொழி. அதன் பெயர் 2019-இல் ராக்கு என்று மாறிவிட்டது. உபுண்டுவிலேயே 'ராக்கூடோ' என்ற தொகுப்பு இருக்கிறது, அதை நிறுவுங்கள். பிறகு கட்டளை வரியில் பேர்லுக்குப் பதில் ராக்கு என்று கொடுத்து அதே கோப்பை ஓட்டுங்கள். குறிப்பு மிகப் பழையதாக இல்லாவிட்டால் ஓடும்.

#3 வைகைக்கரை

நன்றி அண்ணா, ஓடிவிட்டது. 'தமிழ்' 3 என்று வந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. மொழி ராக்கு, நிறுவியது ராக்கூடோ, குறிப்பில் இருப்பது பேர்ல் 6. மூன்றும் ஒன்றா? ஒன்று என்றால், என்னிடம் இருந்த பேர்ல் ஏன் "6 தேவை, இது 5.34 மட்டுமே" என்று சொன்னது? அதைப் படிக்கும் யாருமே 'மேம்படுத்து' என்றுதானே புரிந்துகொள்வார்கள்?

#4 பழைய ஒட்டகம்

நான் 1990-களின் கடைசியிலிருந்து பேர்ல் எழுதுகிறவன். இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாக வெவ்வேறு வாய்களில் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கேட்பவர் இரண்டு மூன்று நாளைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரி வால் பேர்லை வெளியிட்டது 1987 டிசம்பரில். முதலில் அவர் நினைத்த பெயர் ஆங்கிலத்தில் முத்து என்று பொருள்படும் சொல். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மொழி இருந்ததால் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார். பெயர் மோதல் இந்த மொழிக்குப் பிறக்கும்போதே வந்தது என்றும் சொல்லலாம். பேர்ல் 5 1994-இல் வந்தது. 2000 ஜூலையில் பேர்ல் 6 அறிவிக்கப்பட்டது. அப்போது அது உண்மையிலேயே 5-க்கு அடுத்த 6-தான். சேர்ந்துபோன பழைய சுமைகளைக் களைந்து, சமூகமே சேர்ந்து மொழியைத் திரும்ப எழுதுவது என்பதே எண்ணம். யோசனைகள் கேட்டார்கள். 361 வந்தன. அவற்றை வைத்து வடிவமைக்க வடிவமைக்க, மொழி பேர்ல் 5-ஐ விட்டு விலகி எங்கோ போய்விட்டது. நல்ல இடத்துக்குத்தான் போனது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் பார்த்த அந்த 3 என்ற எண்ணும் அந்த உழைப்பின் பலன்தான். சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, உள்ளுக்குள்ளேயே முழு எழுத்துகளாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் த, மி, ழ் என்று நாம் பலகையில் எழுதுவது போலவே எண்ணுகிறது.

முதல் நிலையான வெளியீடு 2015 கிறிஸ்துமஸ் அன்றுதான் வந்தது. அறிவிப்பிலிருந்து 15 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பேர்ல் 5 சாகவில்லை. 2007-இல் 5.10 வந்தது, 2010-இலிருந்து ஆண்டுக்கு ஒரு பெரிய வெளியீடு வருகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு என்ன தெரியும்? '5' என்பதைப் பார்த்து, இது கைவிடப்பட்ட பழைய பதிப்பு என்று முடிவு செய்தான். '6' என்பதைப் பார்த்து, இது இன்னும் முடியவே இல்லை என்று ஒதுக்கினான். ஒரே எண் வரிசை இரண்டு மொழிகளையும் சேர்த்து அடித்தது. நான் வேலை தேடிய காலத்தில் நேர்காணலில், "6 வரப்போகிறதாமே, பிறகு ஏன் இதைக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

2019 ஆகஸ்டில் அந்த மொழியின் உள்வட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் மாட்டெய்சன், பெயரில் 'பேர்ல்' இருப்பது குழப்புகிறது, எரிச்சலூட்டுகிறது என்று வெளிப்படையாக எழுதி விவாதத்தைத் தொடங்கினார். அக்டோபரில் லாரி வால் ஒப்புதல் கொடுத்தார். பெயர் ராக்கு ஆனது.

இப்போது உங்கள் மூன்று பெயர்கள். ராக்கு என்பது மொழி. ராக்கூடோ என்பது அந்த மொழிக்கான கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தரும் மென்பொருள். சி மொழிக்கு ஜிசிசி எப்படியோ அப்படி. 2005-இல் ஆட்ரி டாங் தொடங்கிய பக்ஸ் என்று வேறொரு கம்பைலரும் இருந்தது. அதனால்தான் மொழிக்கும் கம்பைலருக்கும் வேறு வேறு பெயர் வேண்டியிருந்தது. ராக்கூடோ என்பது ஒட்டகத்தின் வழி என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது. ஒட்டகம் பேர்லின் அடையாளம். பிறகு கம்பைலரின் பெயரை வெட்டித்தான் மொழிக்கே பெயர் வைத்தார்கள். பேர்ல் 6 என்பது ராக்குவின் பழைய பெயர், அவ்வளவே.

பிழைச்செய்திக்கு வருகிறேன். குறிப்பின் முதல் வரியில் 'ஆறாம் பதிப்பைப் பயன்படுத்து' என்ற கட்டளை இருந்திருக்கும். பேர்ல் 5-ஐப் பொறுத்தவரை அதன் பொருள், இந்த எண்ணோ அதற்கு மேற்பட்டதோ இல்லையென்றால் நிறுத்திவிடு என்பதுதான். 5.34-ஐ 6-உடன் ஒப்பிட்டது, குறைவாக இருந்தது, நிறுத்திவிட்டது. அது எண்ணை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு மொழி வளர்ந்தது அதற்குத் தெரியாது.

#5 உப்பளம்

ஒட்டகம் அண்ணா சொன்னதில் ஒன்றுகூட தவறில்லை. ஆனால் பெயரை மாற்றியதால் குழப்பம் தீர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019 வரை வந்த புத்தகங்கள், கேள்வி பதில்கள், மாநாட்டு உரைகள் எல்லாவற்றிலும் பேர்ல் 6 என்றுதான் இருக்கிறது. கோப்புப் பெயர்களின் கடைசியில் வரும் முடிவுகளும் மாறிவிட்டன. ராக்கு என்று தேடினால் பாதிதான் கிடைக்கும், பேர்ல் 6 என்று தேடினால் இன்னொரு பாதி. முன்பு ஒரு குழப்பம் இருந்தது, இப்போது இரண்டு. வைகைக்கரையின் இரண்டு நாள் வீணானது பெயர் மாற்றத்துக்குப் பிறகுதானே?

#6 பழைய ஒட்டகம்

உப்பளம், அது பெயரை மாற்றியதால் வந்த வினை இல்லை, 16 ஆண்டு தாமதமாக மாற்றியதால் வந்தது. 2003-இலேயே மாற்றியிருந்தால் பேர்ல் 6 என்ற பெயரில் நான்கு பக்கம்கூட இருந்திருக்காது. அப்போதே வேறு மொழி என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் 'பேர்ல்' என்ற பெயருக்கு இருந்த மதிப்பை விட மனம் வரவில்லை. நானும் அன்று மாற்ற வேண்டாம் என்று சொன்ன கூட்டத்தில்தான் இருந்தேன். இன்று அது தவறு என்று நினைக்கிறேன்.

2020 ஜூனில் பேர்ல் 7 என்று ஓர் அறிவிப்பும் வந்தது. பேர்ல் 5-ஐயே, புதிய இயல்பமைப்புகளுடன் 7 என்று வெளியிடுவது திட்டம். அது நடக்கவில்லை, 5.34, 5.36 என்றுதான் தொடர்ந்தது. 6 என்ற எண் மட்டும் நிரந்தரமாக நடுவில் கிடக்கிறது, எந்தப் பேர்லும் அதை இனி எடுத்துக்கொள்ள முடியாது.

#7 ஒளிக்கோவை

பெயர் குழப்பத்தில் இதைவிட எனக்கு வலித்தது, வீடியோ, ஆடியோ கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் விவகாரம். 2012-ஐ ஒட்டி நான் ஒரு வீடியோ மன்றத்தில் புதியவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் தவறாமல் ஒருவராவது வந்து, "எஃப்எஃப்எம்பெக் செத்துவிட்டதாமே, இனி எதைப் பயன்படுத்துவது?" என்று கேட்பார்.

அது சாகவில்லை. 2000-இல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம் அது. 2011 ஜனவரியில் நிர்வாகம் குறித்து உள்ளே பெரிய சண்டை வந்தது. ஒரு குழு பிரிந்து மார்ச்சில் லிப்ஏவி என்று பெயர் வைத்துக்கொண்டது. பிரிவதில் தவறில்லை, கட்டற்ற மென்பொருளில் அது உரிமை. ஆனால் டெபியனிலும் உபுண்டுவிலும் தொகுப்பைப் பராமரித்தவர்கள் பிரிந்த குழுவின் பக்கம் இருந்தார்கள். அதனால் அந்த லினக்ஸ்களில் எஃப்எஃப்எம்பெக் என்ற தொகுப்பைக் கேட்டால் லிப்ஏவி வந்தது. உபுண்டு 12.04-இல் எஃப்எஃப்எம்பெக் என்று தட்டினால், இந்த நிரல் வழக்கொழிந்தது, பழைய ஸ்கிரிப்டுகளுக்காக மட்டும் வைத்திருக்கிறோம், இனி ஏவிகான்வ் பயன்படுத்துங்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு செய்தி வரும். ஏவிகான்வ் என்பது லிப்ஏவி-யில் அதற்கு வைத்த புதிய கட்டளைப் பெயர்.

லிப்ஏவி தொகுப்பில் அந்தப் பழைய கட்டளைப் பெயர் வழக்கொழிந்தது என்பது ஒரு வகையில் உண்மை. ஆனால் படிப்பவர் அப்படிப் பிரித்துப் படிக்க மாட்டார். எஃப்எஃப்எம்பெக் என்ற திட்டமே முடிந்துவிட்டது என்று லட்சணமாகப் புரிந்துகொண்டு போய்விடுவார். அங்கே அசல் திட்டத்தில் ஆட்கள் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், லிப்ஏவி-யில் வரும் மாற்றங்களையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அவர்கள் பெயரிலேயே அவர்களுக்கு இரங்கல் செய்தி.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃப்எஃப்எம்பெக்குக்குள் லிப்ஏவிகோடெக், லிப்ஏவிஃபார்மட் என்று நூலகங்கள் பிரிவுக்கு முன்பிருந்தே இருந்தன. பிரிந்தவர்கள் அந்த நூலகங்களின் முன்னொட்டையே திட்டப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆக லிப்ஏவிகோடெக் என்று ஒருவர் சொன்னால் எந்தத் திட்டத்தினுடையது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டிலும் அதே பெயரில் அதே நூலகம் இருந்தது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. லிப்ஏவி-யின் வெளியீடுகள் 2018-உடன் நின்றன. ஆனாலும் ஏவிகான்வ் என்று எழுதிய பழைய வழிகாட்டிகள் இன்னும் தேடலில் வந்துகொண்டேயிருக்கின்றன.

#8 நெய்தல்

எங்களுக்கு இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அலுவலகம். நாங்கள் ஐந்து பேர். போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். தரவுத்தளம் பழைய இடத்திலும் மைஎஸ்கியூஎல், புதிய இடத்திலும் மைஎஸ்கியூஎல் என்றுதான் எல்லோரும் கதைத்தோம். இரண்டு இடத்திலும் அதே கட்டளையைத் தட்டினால் உள்ளே போகும். டம்ப் (தரவு முழுவதன் நகல்) எடுத்துக் கொண்டுவந்து ஏற்றினால், இந்தக் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) எனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது. பழைய சர்வரில் இருந்தது மைஎஸ்கியூஎல் 8. புதியதில் இருந்தது மரியாடிபி. எங்களில் ஒருவருக்கும் அது விளங்க அரை நாள் பிடித்தது.

#9 வரிசைமுறை

நெய்தல், உங்கள் புது சர்வர் டெபியன்தானே? 2017-இல் வந்த டெபியன் 9-இலிருந்தே அங்கே மைஎஸ்கியூஎல்லின் இடத்தில் இருப்பது மரியாடிபி. 'இயல்பான மைஎஸ்கியூஎல் சர்வர்' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவினால் வருவது மரியாடிபி-தான்.

மைக்கேல் விடேனியஸ் தன் மூத்த மகள் 'மீ' பெயரில் மைஎஸ்கியூஎல் என்று வைத்தார், நாம் அதை ஆங்கிலச் சொல்லாக எண்ணி 'மை' என்கிறோம். 2008-இல் சன் நிறுவனம் அதை வாங்கியது, 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதற்கு முன்பே, 2009-இல், அவர் பிரிந்து இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி தொடங்கிவிட்டார். பெயர் அவர் பெற்ற மகளின் பெயர்தான், ஆனாலும் மைஎஸ்கியூஎல்லை அவரால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. நிரலைக் கொண்டுபோகலாம், வணிகப் பெயரைக் கொண்டுபோக முடியாது.

பதிப்பு எண்ணில் இன்னொரு வேடிக்கை இல்லாத விஷயம். முதலில் 5.1, 5.2, 5.3, 5.5 என்று மைஎஸ்கியூஎல்லை ஒட்டியே எண் வைத்தார்கள். பிறகு ஒரேயடியாக 10.0-க்குத் தாண்டினார்கள். ஆனால் பழைய மைஎஸ்கியூஎல் ரெப்ளிகாக்கள் (முதன்மை சர்வரின் தரவை நகலெடுத்து வைத்திருக்கும் சர்வர்கள்) பதிப்பின் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், 10 என்றால் 1 என்று நினைத்துக்கொள்ளும். அதற்காக நெட்வொர்க் வழியே பதிப்பு கேட்டால் முன்னால் 5.5.5 என்று ஒட்டி அனுப்பினார்கள். அதைப் பார்த்து எத்தனை பேர், "என் சர்வர் 5.5-ஆ 10-ஆ?" என்று குழம்பியிருக்கிறார்கள் தெரியுமா! இணக்கமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்ன எண் அது.

#10 சுண்ணக்கட்டி

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கணினித் துறை இல்லை, தமிழாசிரியர். இந்த இழையைப் படித்து வரும்போது எனக்கு ஓர் ஐயம். பள்ளியில் வினாத்தாள் தட்டச்சு செய்ய 2009-இல் ஒருவர் எனக்கு ஓப்பன்ஆபீஸ் போட்டுக் கொடுத்தார். இன்றும் அந்தப் பெயரைத் தேடித்தான் இறக்கிக்கொள்கிறேன். லிப்ரேஆபீஸ் என்பதை யாரோ செய்த நகல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். அதுவும் இப்படிப்பட்ட கதைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#11 உப்பளம்

ஐயா, ஆமாம், இதுவும் அதே கதைதான், இதில் பாதிக்கப்படுபவர்கள் உங்களைப் போன்ற பயனர்கள். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார்ஆபீஸ், 1999-இல் சன் கைக்குப் போனது. 2000-இல் மூலநிரலைத் திறந்து ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்று வெளியிட்டார்கள். வெறும் ஓப்பன்ஆபீஸ் என்ற பெயர் வேறொருவர் வசம் இருந்ததால்தான் அந்த 'ஆர்க்' ஒட்டு. பிறகு ஆரக்கிள் வந்தது. 2010 செப்டம்பர் 28 அன்று அதில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் பிரிந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பெயரை நன்கொடையாகத் தரும்படி ஆரக்கிளைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. லிப்ரேஆபீஸ் என்ற பெயர் அப்படி வந்தது.

2011 ஜூனில் ஆரக்கிள் பழைய நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதாவது ஆட்கள் ஒரு பக்கம் போனார்கள், பெயர் இன்னொரு பக்கம் போனது. நீங்கள் பெயரோடு நின்றுவிட்டீர்கள். அப்பாச்சி ஓப்பன்ஆபீஸின் 4.1 பதிப்பு 2014-இல் வந்தது. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் 4.1.1, 4.1.2 என்று திருத்த வெளியீடுகள்தான். டாக்எக்ஸ் (வேர்டு) கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. 2016 ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை பற்றி அறிவித்தார்கள். அதை அடைத்த முழு வெளியீடு அக்டோபரில்தான் வந்தது. லிப்ரேஆபீஸ் அதற்குள் எத்தனையோ பெரிய பதிப்புகள் கண்டுவிட்டது. தமிழ் இடைமுகமும் உண்டு. உங்கள் பழைய கோப்புகள் எல்லாம் அப்படியே திறக்கும், பயப்பட வேண்டாம்.

2020 அக்டோபரில், ஓப்பன்ஆபீஸின் 20-ஆம் ஆண்டில், லிப்ரேஆபீஸ்காரர்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். புதிய வசதிகள் வேண்டுவோருக்கு லிப்ரேஆபீஸ் என்று ஒன்று இருப்பதையாவது உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே கோரிக்கை. எனக்கு இதில் கோபமே வருகிறது. தங்களிடம் இருக்கும் பெயரை நம்பித் தமிழாசிரியர் ஒருவர் 15 ஆண்டாக வருகிறார். வாசலில் ஒரு பலகை வைப்பதில் என்ன நட்டம்?

#12 இரவுப்பணி

உப்பளம், கோபம் புரிகிறது, ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். அப்பாச்சி பக்கம் இருப்பவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெயர் அவர்களிடம் சட்டப்படி வந்தது, அவர்கள் பிடுங்கவில்லை. 2023 டிசம்பரில்கூட 4.1.15 வெளியிட்டார்கள். வேலை செய்ய ஆள் இருக்கும் வரை ஒரு திட்டத்தை மூடச் சொல்லி வெளியிலிருந்து எப்படிக் கேட்பது? உரிமங்களையும் பாருங்கள். அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரேஆபீஸ் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரேஆபீஸின் நிரலை அப்பாச்சி தன் உரிமத்தில் சேர்க்க முடியாது. கொடுப்பது மட்டுமே அவர்கள் பங்கு, எடுக்க வழியில்லை. அந்த நிலையில் பத்துப் பேர் உட்கார்ந்து ஓட்டை அடைத்துக்கொண்டிருப்பதை நான் மதிக்கிறேன்.

#13 உப்பளம்

அவர்கள் உழைப்பை நானும் மதிக்கிறேன். மூடச் சொல்லவில்லை. பலகை வைக்கச் சொல்கிறேன். இரண்டும் வேறு.

#14 இரவுப்பணி

பலகை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஒரு பெயர் இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்றால், வருகிறவர்களுக்கு வழி சொல்லும் கடமையும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. ராக்குக்காரர்கள் அதைச் செய்தார்கள், பழைய பெயரை மறைக்காமல் 'முன்பு பேர்ல் 6' என்று எழுதினார்கள்.

நல்ல முடிவுக்கு வந்த ஒரு கதையும் இருக்கிறது, அதையும் பதிவு செய்கிறேன். 2014 டிசம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இலிருந்து ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது. 2015 செப்டம்பரில் இரண்டும் சேர்ந்து நோட் 4.0 ஆக வந்தன. பிரிந்தவர்கள் அதற்குள் 1, 2, 3 என்ற எண்களைப் பயன்படுத்திவிட்டார்கள். அதனால் 0.12-க்குப் பிறகு நோட் நேராக 4 ஆனது. இடையில் உள்ள எண்கள் எங்கே என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். பெயர் பழையதாகவே இருந்ததால் பயனர் யாரும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதே நோட்டுக்கு டெபியனில் வேறொரு சங்கடம் இருந்தது. ஹாம் ரேடியோக்காரர்களின் நிரல் ஒன்று 'நோட்' என்ற கட்டளைப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்தது. 2012-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போய், கடைசியில் அங்கே கட்டளைக்கு 'நோட்ஜேஎஸ்' என்று பெயரிட்டார்கள். நோட் என்று தொடங்கும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று நின்றன. ரேடியோக்காரர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அவர்கள் முன்பே வந்தவர்கள். ஆள் பலத்தைப் பார்க்காமல் அவர்கள் பக்கத்தையும் உட்கார்ந்து கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

#15 எழுத்துக்கூட்டு

எல்லோரும் ஆங்கிலப் பெயர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இவற்றைத் தமிழில் எழுதும்போது வரும் சிக்கல் தனி. பேர்ல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் மொழி, சிறிய எழுத்தில் போட்டால் அதை ஓட்டும் நிரல். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. அந்த நுட்பம் தமிழில் வந்ததும் காணாமல் போகிறது. அதனால் நான் எழுதும் குறிப்புகளில் 'பேர்ல் மொழி', 'பேர்ல் கட்டளை' என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், ஆனால் படிக்கும் பிள்ளைக்குப் புரியும்.

ராக்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் 'ராகு' என்று எழுதுகிறார்கள். உச்சரிப்புக்கு அது தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் தேடினால் பெயர்ச்சிப் பலன்தான் வரும். கோ மொழியும் அப்படித்தான். தமிழில் 'கோ' என்றால் அரசன், பசு. ஆங்கிலத்திலேயே அது தேட முடியாத சொல் என்பதால் எல்லோரும் கோலாங் என்கிறார்கள். அதோடு, 2009 நவம்பரில் கூகுள் அதை வெளியிட்ட உடனேயே, ஃபிரான்சிஸ் மெக்கேப் என்பவர், அந்தப் பெயரில் என் மொழி ஏற்கெனவே இருக்கிறது என்று முறையிட்டார். அவருடையதில் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் மாறாமலேயே அந்த முறையீடு மூடப்பட்டது. அவர் மொழியைப் பற்றி இன்று தேடுகிறவருக்கு ஆச்சரியக்குறியால் என்ன பயன்?

#16 நெய்தல்

எழுத்துக்கூட்டு சொன்னது சரி. பைத்தான் படிப்பிக்கும்போது நானும் இதைப் படுகிறேன். படங்களைக் கையாளும் பிஐஎல் நூலகத்தின் கடைசி வெளியீடு 2009. இன்று நிறுவ வேண்டியது அதிலிருந்து பிரிந்த பில்லோ. ஆனால் நிரலில் இறக்குமதி செய்யும்போது பிஐஎல் என்றே எழுத வேண்டும். பழைய நிரல்கள் உடையாமல் இருக்கத்தான் அப்படி. பிள்ளைகள் நிரலைப் பார்த்து பிஐஎல் என்றே நிறுவப் போய் பிழை வாங்குகிறார்கள். வேர்டு கோப்புகளைக் கையாளும் நூலகத்திலும் இதே கதை. 'டாக்எக்ஸ்' என்று நிறுவினால் வேறொரு பழைய தொகுப்பு வருகிறது, வேண்டியது 'பைத்தான்-டாக்எக்ஸ்'. யாராவது கெட்ட எண்ணத்தோடு இப்படிப்பட்ட பெயரில் ஒன்றை ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

#17 சுண்ணக்கட்டி

உப்பளம் அவர்களுக்கு நன்றி. பேரன் உதவியுடன் லிப்ரேஆபீஸ் நிறுவிவிட்டேன். பழைய வினாத்தாள்கள் திறந்தன. ஒன்றிரண்டில் எழுத்துரு மட்டும் மாறித் தெரிந்தது, மாற்றிக்கொண்டேன்.

வைகைக்கரை தம்பிக்கு ஒரு சொல். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்து அளவிலும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பட்டு' என்பதற்கு 'கட்டு' எதுகை, 'பாட்டு' ஆகாது. உங்கள் நிரலில் அதையும் பார்க்கச் செய்யுங்கள்.

#18 வைகைக்கரை

ஐயா, மிக்க நன்றி. அதை நான் யோசிக்கவே இல்லை. இன்று சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று. சீனியர் அக்காவிடம் பேசினேன். அந்தப் பாடக்குறிப்பு எங்கள் துறையில் ஆறு ஏழு ஆண்டாகக் கைமாறி வருகிறதாம். நானே அதைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் பேர்ல் 6 என்று இருக்கும் இடத்தையெல்லாம் ராக்கு என்று மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இழையைப் படித்த பிறகு அது சரியில்லை என்று தோன்றியது. இப்போது முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"இந்த மொழியின் பெயர் ராக்கு. 2019 வரை இதன் பெயர் பேர்ல் 6. பழைய புத்தகங்களிலும் இணையத்திலும் அந்தப் பெயரில்தான் இருக்கும். இது பேர்ல் 5-இன் அடுத்த பதிப்பு இல்லை, வேறு மொழி. நிறுவ வேண்டிய தொகுப்பு ராக்கூடோ. ஓட்டும் கட்டளை ராக்கு. '6 தேவை, இது 5 மட்டுமே' என்று பிழை வந்தால் பேர்லை மேம்படுத்தாதீர்கள், ராக்கு கட்டளையால் ஓட்டுங்கள்."

சரியாக இருக்கிறதா?

#19 பழைய ஒட்டகம்

சரியாக இருக்கிறது. அந்தப் பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் வருகிற மாதிரியே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டவன் அதைத்தான் அப்படியே வெட்டி ஒட்டித் தேடுவான். கோப்பு முடிவுகளைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள், பழைய நிரல்களில் வேறு முடிவு இருக்கும், ஆனால் ஓடும் என்று.

#20 எழுத்துக்கூட்டு

'ராகு' என்ற எழுத்துக்கூட்டையும் எங்காவது ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள் தம்பி. அப்படித் தேடி வருகிறவர்களும் இருப்பார்கள்.

#21 வைகைக்கரை

மூன்றையும் சேர்த்துவிட்டேன். துறை நூலகக் கணினியிலும் பழைய கோப்பை எடுத்துவிட்டு இதை வைத்தாயிற்று.

நிரலில் ஒரே ஓர் இடம் மட்டும் இடிக்கிறது. 'க்ஷ' என்பதை ராக்கு இரண்டு எழுத்தாக எண்ணுகிறது, 'ஸ்ரீ'யையும் அப்படியே. வெண்பாவில் அவை வருவது அரிது என்றாலும், வந்தால் என்ன செய்வது? இதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?

#22 வரிசைமுறை

தொடங்குங்கள் தம்பி. தலைப்பில் 'ராக்கு', 'பேர்ல் 6' இரண்டையும் போடுங்கள்.